வேளாண் கல்லூரிச் சிரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாண்மை படிக்கப் போகிற பிள்ளைகளும், அவர்களைச் சேர்த்துவிட்டுக் கவலையோடு இருக்கிற பெற்றோரும், வேறு கல்லூரிகளில் படித்த நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் நான்கு வருடம் ஒரு வேளாண் கல்லூரி விடுதியில் இருந்தவன். அங்கே கேட்ட மாதிரி சிரிப்புச் சத்தம் வேறு எங்கும் கேட்டதில்லை, அதனால் சில பதில்கள் நீளமாகவே வரும்.

வேளாண் கல்லூரியில் மட்டும் அப்படி என்ன தனியாகச் சிரிக்க இருக்கிறது?

மற்ற படிப்புகளில் கருவி கோளாறு செய்தால் அணைத்துவிட்டு மறுபடி போடலாம். இங்கே எதிரில் இருப்பது உயிர். பால் கறக்கும் பயிற்சிக்கு இருபது பேர் வரிசையில் நிற்கிறோம் என்று வையுங்கள், யாருக்குப் பால் விடுவது, யாரை உதைப்பது என்பதை மாடுதான் முடிவு செய்யும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பயந்த கைக்குப் பால் இறங்காது என்பார்கள், அது வெறும் பேச்சில்லை. மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து, பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுத்துவிடும். ஆகவே படபடப்போடு போன மாணவர் கால் மணி நேரம் போராடிவிட்டுக் காலி வாளியோடு எழுந்திருப்பார், அடுத்து வந்தவர் கழுத்தைச் சொறிந்துகொடுத்து, ஏதோ பேசிக்கொண்டே வாளியை நிறைத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் மிரண்ட மாடு பால் விடாது என்ற பாடம் அந்த இருபது பேருக்கும் ஆயுசுக்கும் மறக்காது.

இன்னொன்று, இங்கே எல்லோரும் ஒரு நாள் மாட்டிக்கொள்வார்கள். கிராமத்திலிருந்து வந்தவர்கள் முதல் மாதம் வரப்பில் நடக்கத் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், இரண்டாம் மாதம் நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடும்போது தன் கண்ணிமை முடியையே படம் வரைந்துவிட்டு அவர்கள் முழிப்பார்கள். சேறும் நுண்ணோக்கியும் ஒரே படிப்பில் இருப்பதால் யாரும் நிரந்தரமாக மேலே உட்கார முடியாது. அங்கே நட்பு அவ்வளவு சீக்கிரம் உண்டாவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

‘ஏர் ஓட்டுவதற்கா காலேஜ்?’ என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

சிரித்துவிட்டு, அடுத்த கிண்டலை நீங்களே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 1876-இல் வேளாண்மைக்கும் இயந்திரவியலுக்குமான கல்லூரியாகத் தொடங்கியது. அதன் மாணவர்களுக்கு ‘ஆகி’ என்று பெயர், அக்ரிகல்ச்சர் என்பதிலிருந்து வந்தது. அவர்களை மந்தபுத்திக்காரர்களாகக் காட்டும் ‘ஆகி ஜோக்’ என்றே ஒரு வகை அந்த மாநிலம் முழுவதும் பரவியது. அவர்கள் கோபப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. அந்த ஜோக்குகளைத் தாங்களே சேகரித்து, தாங்களே இன்னும் நன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பட்டப்பெயரையும் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள்.

அதற்கு மேலும் யாராவது கேட்டால் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துத் தேநீர்க் கதையைச் சொல்லுங்கள். 1919-இல் ரொனால்ட் ஃபிஷர் அங்கே புள்ளியியல் வேலைக்குச் சேர்ந்தார். தேநீர் நேரத்தில், அங்கே பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று குடித்தே சொல்லிவிட முடியும் என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று கிளம்பியதில் பிறந்ததுதான் எட்டுக் கோப்பைச் சோதனை. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசையைக் குலுக்கிப் போட்டு வைப்பது. குத்துமதிப்பாகச் சொல்லி எட்டையும் சரியாகப் பிரிக்க 70-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. தேநீர் இடைவேளை விளையாட்டாகத் தொடங்கியது, சோதனைகளை எப்படி வடிவமைப்பது என்பதற்கே பாடமாகிவிட்டது. வயலில் உர அளவை ஒப்பிடுவதற்காக ஃபிஷர் வகுத்த முறையின் அடிப்படையில்தான் இன்று புதிய மருந்துகளும் சோதிக்கப்படுகின்றன. ஏர் ஓடிய நிலத்திலிருந்து வந்த அறிவு அது.

நீங்கள் பேசிக்கொள்வது பாதி புரியவில்லையே?

பாடத்தில் வரும் சொற்களையே ஆட்களுக்குப் பெயராக வைத்துவிடுவோம், அவ்வளவுதான். எங்கள் விடுதியில் அதிகம் புழங்கியவற்றைச் சொல்கிறேன்.

வானத்தை நம்பி விதைப்பது மானாவாரி. ஆகவே எதுவும் படிக்காமல், தெரிந்த கேள்வி வரும் என்ற நம்பிக்கையில் தேர்வு எழுதுவதும் மானாவாரி. ‘நீ எப்படி, மானாவாரியா பாசனமா?’ என்று தேர்வறை வாசலில் கேட்டுக்கொள்வோம். ஒன்றுமே எழுதாத ரெக்கார்டு நோட்டு தரிசு. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து உட்காருகிறவர் ஊடுபயிர், அதாவது ஒரு பயிரின் வரிசைகளுக்கு நடுவில் விதைக்கிற இன்னொரு பயிர். முடி வெட்டிக்கொண்டு வந்தால் கவாத்து, செடியின் கிளைகளை வெட்டிவிடுவதற்கு அதுதான் பெயர். வாசனைத் திரவியத்தை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தால் இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது பெண் அந்துப்பூச்சியின் வாசனையை வைத்து ஆண் பூச்சிகளை இழுத்துப் பிடிக்கிற பொறி. ‘உன் முகத்தில் இன்றைக்கு நல்ல களை’ என்று யாராவது பாராட்டினால், பின்னாலிருந்து ஒரு குரல் எந்தக் களைக்கொல்லி அடிக்கலாம் என்று கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது விதை உறக்கம். ஈரம், வெப்பம், காற்று எல்லாம் சரியாக இருந்தும் ஒரு விதை முளைக்காமல் கிடந்தால் அதற்கு உறக்கம் என்று பெயர். காலை ஆறு மணி வயல் வகுப்புக்கு விளக்கைப் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, போர்வையையும் உருவிய பிறகும் எழாத அறைத்தோழருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. விதை உறக்கத்தைக் கலைக்க வெந்நீரில் ஊற வைக்கலாம், மேல்தோலைச் சுரண்டலாம், அமிலத்தில் நேர்த்தி செய்யலாம் என்று பாடத்தில் வரும், அந்தப் பட்டியலை எங்கள் வகுப்பில் தேர்வில் தவறவிட்டவர் யாரும் இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

களை எடுக்கச் சொன்னால் பயிரைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது உண்மையா?

உண்மை, எல்லா வருடமும் நடக்கும். அதற்காகக் கூனிக்குறுக வேண்டாம், ஏனென்றால் களைக்கும் அந்தத் திட்டம் இருக்கிறது. நெல் வயலில் வளரும் எக்கினோக்லோவா என்ற புல் இளம் பருவத்தில் அசல் நெல் நாற்று மாதிரியே இருக்கும். இலையும் தண்டும் சேருகிற இடத்தை விரித்துப் பார்க்க வேண்டும், நெல்லுக்கு அங்கே ஒரு சிறிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கையால் களை எடுத்து எடுத்து, வித்தியாசமாகத் தெரிந்த செடிகளெல்லாம் அழிந்துபோய், நெல் மாதிரி இருந்தவை மட்டும் தப்பி விதை போட்டன. நம் முன்னோரின் கண்ணே அந்தப் புல்லை அப்படிச் செதுக்கிவிட்டது.

இதற்கு வவிலோவ் போலி என்று பெயர், ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவின் நினைவாக. கோதுமை வயலில் களையாக இருந்த ரை என்ற புல், கோதுமையைப் போலவே மாறி மாறிக் கடைசியில் தானே ஒரு பயிராகிவிட்டது என்று காட்டியவர் அவர். ஒரு சீனியர் அண்ணா முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். நெல்லைப் பிடுங்கிய நண்பனைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். வவிலோவ் 1943-இல் ஸ்டாலின் காலத்துச் சிறையில் செத்துப்போனதையும், லெனின்கிராட் முற்றுகையின்போது அவருடைய நிறுவனத்தில் விதைச் சேமிப்பைக் காத்தவர்களில் சிலர் மூட்டை மூட்டையாகத் தானியம் பக்கத்தில் இருந்தும் அதைத் தொடாமல் பட்டினியால் இறந்ததையும் அந்த அண்ணா தொடர்ந்து சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. பிடுங்கிய நாற்றை அந்த நண்பன் திரும்ப நட்டான்.

அறிவியல் பெயர்களை எப்படித்தான் மனப்பாடம் செய்வது?

சத்தமாக, கூட்டமாக, ராகம் போட்டு. அர்த்தம் தெரிந்தால் இன்னும் சுலபம். பெயர் வைத்தவர்களும் சிரிக்கத் தெரிந்தவர்கள்தான் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1977-இல் ஆர்னால்டு மென்கி என்ற பூச்சியியலாளர் ஓர் ஆஸ்திரேலியக் குளவிக்கு ‘ஆஹா ஹா’ என்று பெயர் வைத்தார். பேரினம் ஆஹா, சிற்றினம் ஹா. விதிப்படி பதிவான, இன்றும் செல்லுபடியாகும் பெயர் இது. தன் காரின் எண் பலகையிலும் அதையே போட்டுக்கொண்டார்.

பூச்சிப் பெட்டி என்றால் என்ன? ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

வலையோடு அலைந்து பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, வகைவாரியாக அடுக்கி, பெயர்ச்சீட்டோடு ஒப்படைக்க வேண்டிய பெட்டி. தெருவிளக்குக்கு அடியில் நள்ளிரவில் வலையோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் கல்லூரிக் காவலாளிகள் ஒன்றும் கேட்க மாட்டார்கள், பழகிவிட்டது. பயம் பிடிப்பதில் இல்லை, அப்புறம் காப்பாற்றுவதில்தான். காய்ந்த பூச்சிகளையே தின்று வாழ்கிற வண்டுகள் இருக்கின்றன, அருங்காட்சியக வண்டு என்றே ஒன்றுக்குப் பெயர். நாஃப்தலீன் உருண்டையை வைக்க மறந்துவிட்டு விடுமுறைக்குப் போய் வந்து பெட்டியைத் திறந்தால், வண்ணத்துப்பூச்சி இருந்த இடத்தில் ஊசியும் கொஞ்சம் பொடியும் மட்டும் இருக்கும். அதைத் தின்ற வண்டைப் பிடித்து அதே ஊசியில் குத்தி ஒப்படைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மதிப்பெண் கிடைத்தது.

மாட்டின் வயிற்றில் ஜன்னல் வைத்திருப்பார்களாமே?

ஆமாம், பல ஆராய்ச்சிக் கல்லூரிகளில் உண்டு. மயக்கமருந்து கொடுத்து அறுவை செய்து, மாட்டின் பக்கவாட்டில் ஓர் அடைப்பானோடு வளையம் பொருத்துவார்கள், அதன் வழியாகக் கையை விட்டு முதல் அறையில் தீவனம் எவ்வளவு செரித்திருக்கிறது என்று பார்க்கலாம். மாட்டுக்கு நான்கு வயிறு என்று சொன்னால் பேராசிரியர் திருத்துவார், வயிறு ஒன்றுதான், அறைகள் நான்கு. ஆரோக்கியமான மாட்டின் வயிற்றுச் சாற்றை எடுத்து, செரிமானம் கெட்ட மாட்டுக்குக் கொடுத்துக் குணப்படுத்துவதும் உண்டு. இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேள்வி நியாயமானது, வகுப்பில் அதைப் பேச வேண்டும்.

அப்படியே இரண்டு பழைய ஜோக்குகளையும் திருத்திவிடுகிறேன். மாடு வெளியிடும் மீத்தேன் பின்பக்கமாகப் போகிறது என்று வைத்துத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி வாய் வழியாக, ஏப்பமாக வருகிறது. நின்றபடி தூங்கும் மாட்டை இரவில் போய்த் தள்ளிவிடுவது என்று ஒரு வீரக்கதை சுற்றும், அது கட்டுக்கதை. ஆழ்ந்து தூங்க மாடு படுத்துக்கொள்ளும், நின்றுகொண்டிருந்தால் நீங்கள் பக்கத்தில் போவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.

துணியில் வாடை ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டும். காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனத்துக்கு சைலேஜ் என்று பெயர். நல்ல சைலேஜ் இதமான புளிப்பு வாசனையாக இருக்கும், கெட்டுப்போனதில் பியூட்டிரிக் அமிலம் உண்டாகி, அந்த வாடை இரண்டு துவையலுக்கும் போகாது. வயலுக்கென்று ஓர் உடுப்பைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

உள்ளாடையை மண்ணில் புதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், கேலியா?

இல்லை, நிஜமான மண் சோதனை. ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று பல இடங்களில் விவசாயிகளும் மாணவர்களும் செய்கிறார்கள். முழுப் பருத்தியில் தைத்த வெள்ளை உள்ளாடையைப் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்ட வேண்டும். மண்ணில் உயிர் நிறைய இருந்தால் பருத்தி முழுவதும் மட்கிப்போய், இடுப்புப் பட்டை ரப்பர் மட்டும் மிஞ்சும். துணி அப்படியே வந்தால் மண் களைத்துப்போயிருக்கிறது என்று பொருள். பருத்தி என்பது செல்லுலோஸ், நுண்ணுயிர்களுக்கு அது தீனி. மண்ணின் உயிர்த்தன்மையை ஒரு சிறுவனுக்கும் புரியும்படி காட்ட இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. எந்த உரையும் கேட்காமல் எழுந்து போய்விடுகிற கூட்டம்கூட, தோண்டும்போது சுற்றி நிற்கும்.

டிராக்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். முன்னால் ஓட்டுவது ஒரு நாளில் வந்துவிடும். பின்னால் டிரெய்லரை மாட்டி ரிவர்ஸ் எடுப்பதுதான் பரீட்சை, டிரெய்லர் இடது பக்கம் திரும்ப ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். இதைத் தலையால் புரிந்துகொண்டவர்கள்கூடக் கையால் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகும். வேடிக்கை பார்க்கிறவர்கள் தூரமாக நின்று பாருங்கள், டிரெய்லருக்குப் பின்னால் நிற்காதீர்கள்.

சேட்டை எதுவரை போகலாம்?

நல்ல சேட்டைக்கு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சொல்வேன், வேளாண் கல்லூரியும் உள்ள வளாகம் அது. 1997 அக்டோபரில் ஒரு நாள் காலையில் பார்த்தால் 173 அடி உயர மணிக்கோபுரத்தின் கூர்முனையில் ஒரு பூசணிக்காய் குத்தி நிற்கிறது. யார் வைத்தார்கள், இரவில் எப்படி ஏறினார்கள், எதுவும் தெரியவில்லை. குளிரில் காய்ந்துபோய் 1998 மார்ச் வரை அங்கேயே இருந்தது. அது நிஜப் பூசணிதானா என்று வளாகம் முழுக்க விவாதம், கடைசியில் தாவரவியல்காரர்கள் சோதித்து நிஜம்தான் என்றார்கள். அந்த உயரத்துக்கு யாரும் ஏற வேண்டாம், உயிர் போகும். ஆனால் அதன் குணத்தைப் பாருங்கள், யாரும் அவமானப்படவில்லை, ஒரு விலங்கும் துன்பப்படவில்லை, யாருடைய உழைப்பும் கெடவில்லை, எல்லோரும் மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு அக்காவின் வயலில், எந்தப் பாத்திக்கு எவ்வளவு உரம் என்று எழுதி நட்டிருந்த குச்சிகளை ஒரு ராத்திரி இரண்டு பேர் விளையாட்டுக்கு இடம் மாற்றிவிட்டார்கள். விடுதி அறையில் வந்து சொல்லிச் சிரித்தார்கள், நானும் அந்த அறையில் இருந்தேன், எதுவும் சொல்லவில்லை. அறுவடை முடிந்து எடை போட்டபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது, உரமே போடாத பாத்தி அதிக விளைச்சல் காட்டியது. ஒரு பருவம் முழுக்க வீண். செய்தவர்கள் போய் ஒப்புக்கொண்டார்கள், அடுத்த பருவம் நடவிலிருந்து அறுவடை வரை அவரோடு நின்று வேலை செய்தார்கள். அந்த அக்கா திட்டவில்லை, நாள் தவறாமல் காலையில் ஆறு மணிக்கு வந்து நின்றார்.

ஆகவே ஆய்வு வயலில் கை வைக்காதீர்கள். பசிக்கு ஒரு கதிரைத் திருகினால்கூட அது யாரோ ஒருவருடைய கணக்கில் ஓட்டை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1876-இல் தொடங்கிய மோரோ வயல் என்று ஒன்று வளாகத்தின் நடுவிலேயே இருக்கிறது. பக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கு நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, கட்டடத்தின் நிழல் மக்காச்சோளத்தின் மேல் விழக்கூடாது என்று நூலகத்தையே பூமிக்கு அடியில் கட்டினார்கள். மாணவர்கள் இதை வைத்து இன்றுவரை விளையாடுகிறார்கள், ஆனால் வயலுக்குள் மிதிக்க மாட்டார்கள்.

ராகிங் நடக்கும் என்கிறார்களே?

ஒருவர் பயந்து நிற்க மற்றவர்கள் சிரிப்பது வேடிக்கை இல்லை. உங்களுக்கோ பக்கத்து அறைக்காரருக்கோ நடந்தால் அன்றைக்கே விடுதிக் காப்பாளரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.

விவசாயிகளை வைத்து ஜோக் சொல்லலாமா?

விவசாயி ஜெயிக்கிற ஜோக்காக இருந்தால் சொல்லுங்கள். பல நாடுகளில் பல மரங்களின் பெயரில் சுற்றுகிற ஒன்று இருக்கிறது. புதிதாகப் படித்து வந்த மாணவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘பெரியவரே, நீங்கள் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறீர்கள், இந்த மரத்திலிருந்து பத்துக் கிலோ மாங்காய் கிடைத்தால் நான் ஆச்சரியப்படுவேன்’ என்றாராம். ‘நானும்தான் தம்பி, அது பலா மரம்’ என்றாராம் பெரியவர். பயிற்சிக்காக ஊருக்குப் போய் விவசாயிகளோடு தங்கும் முதல் நாள் இரவில் சீனியர்கள் இதைத்தான் சொல்லி அனுப்புவார்கள். முதல் வாரம் கேட்டுக்கொள், இரண்டாம் வாரம் பேசு என்பதை ஒரு சுற்றறிக்கையாக ஒட்டியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டோம்.

வளாகக் கதைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

தாவரவியலாளர் வில்லியம் பீல் புதைத்த பாட்டில்கள். 1879-இல், பிறகு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக மாறிய வேளாண் கல்லூரியில், விதைகள் மண்ணுக்குள் எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்று பார்க்க 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைக் கலந்து, தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கி வைத்துப் புதைத்தார். முதலில் 5 ஆண்டுக்கு ஒன்று எடுத்தார்கள், பிறகு 10, இப்போது 20. இடம் எதுவென்று ஒரு சிலருக்கு மட்டும்தான் தெரியும். வெளிச்சம் பட்டால் விதை விழித்துக்கொள்ளும் என்பதால் இருட்டில்தான் தோண்ட வேண்டும். 2021 வசந்தத்தில் ஒரு விடியற்காலை, மண்வெட்டியும் பழைய வரைபடமுமாகப் பேராசிரியர்கள் கல்லூரி வளாகத்தில் திருடர்கள் மாதிரி பதுங்கிப் போய் ஒரு பாட்டிலை எடுத்தார்கள், 142 வருடம் தூங்கிய விதைகளில் சில முளைத்தன. விதை உறக்கம் என்று அறைத்தோழரைக் கூப்பிட்டுச் சிரித்த எல்லோருக்கும் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன். அடுத்த பாட்டிலை 2040-இல் எடுப்பார்கள்.

முதல் நாள் என்ன கொண்டு போக வேண்டும்?

சேற்றில் தொலைந்தாலும் வருத்தப்படாத செருப்பு, தொப்பி, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு. பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். வயல் குறிப்பும் பெயர்ச்சீட்டும் எப்போதும் பென்சிலில்தான். இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை ஊடுபயிர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.